நீளும் கண்கள்: வெயில் பூமியில் கிட்டப்பார்வை

அச்சங்குளம் என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது 2021 பிப்ரவரி 12. சாத்தூருக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரின் பட்டாசு ஆலையில் அன்று நடந்த வெடிவிபத்தில் இருபது பேரளவில் உயிரிழந்தார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கண்ணைப் பற்றிய பேச்சு எழுந்தாலும் அது விபத்தின் வழியாகத்தான் எழும். தீப்பொறி, மருந்துத்தூள், தெறித்து வந்த துணுக்கு என்று அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் இதே ஊர்களின் வகுப்பறைகளில் வலியும் சிவப்பும் இல்லாமல் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கரும்பலகை மங்குகிறது, பையன் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான், பிறகு முன்பெஞ்சுக்கு நகர்கிறான். வீட்டில் ஒருநாள் 'கண்ணாடி போட்டாச்சு' என்கிறார்கள், அடுத்த வருடம் 'பவர் ஏறிருச்சு' என்கிறார்கள்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள் மூன்று. பவர் ஏறும்போது குழந்தையின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது? அது ஏன் நடக்கிறது? அதன் வேகத்தைக் குறைக்க முடியுமா? கிட்டப்பார்வையைக் கண்ணாடிக் கடையின் கணக்காகவே நாம் வைத்திருக்கிறோம். உண்மையில் அது ஓர் உறுப்பின் வளர்ச்சிக் கணக்கு. அந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் காரணிகளில் காசில்லாமல் கிடைப்பது ஒன்று, இந்தக் கரிசல் வட்டாரத்தில் கொட்டிக் கிடக்கிறது.

மில்லிமீட்டர் கணக்கு

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 17 மி.மீ. நீளம். பெரியவரின் கண் சுமார் 23.5 முதல் 24 மி.மீ. வரை இருக்கும். இடையிலுள்ள ஆறேழு மில்லிமீட்டரில் பெரும்பகுதியைக் குழந்தை முதல் மூன்று வயதுக்குள் கடந்துவிடுகிறது. பிறக்கும்போது அநேகமாக எல்லாக் கண்களும் தேவையைவிடக் குட்டையானவை. கண் மருத்துவர் அளந்தால் 'பிளஸ்' பவர் வரும். கண் வளர வளர அந்த பிளஸ் கரைந்து பூஜ்யத்தை நெருங்குகிறது. கருவிழியின் வளைவு இரண்டு மூன்று வயதில் ஏறக்குறைய நிலைத்துவிடும். உள்ளிருக்கும் வில்லை மட்டும் பத்துப் பன்னிரண்டு வயது வரை மெலிந்து, தன் பவரைக் குறைத்துக்கொண்டே போகும். கண் நீள்வதை வில்லையின் இந்த மெலிவு ஈடுகட்டுவதால்தான் பார்வை தெளிவாக இருக்கிறது.

கிட்டப்பார்வையில் இந்த ஒத்திசைவு குலைகிறது. கண் நீண்டுகொண்டே போக, வில்லையின் ஈடுகட்டல் நின்றுவிடுகிறது. டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டரைத் தொடாமல் திரையை மட்டும் பின்னுக்கு நகர்த்தினால் படம் மங்குவதைப்போல, தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, திரையில் விழும்போது கலங்கியிருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் பவர் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை மைனஸ் பக்கம் நகரும். அதனால் கண்ணாடிச் சீட்டில் இருக்கும் மைனஸ் எண், கண் எவ்வளவு நீண்டுவிட்டது என்பதற்கான மறைமுக அளவு.

அமெரிக்காவில் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வுகள் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டின. கண்ணாடி தேவைப்படும் நாளில் நீட்சி தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளிலேயே கண் வேகம் எடுத்துவிடுகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கவேண்டிய சிறு பிளஸ் ஆறேழு வயதிலேயே தீர்ந்துபோயிருந்தால், அந்தக் குழந்தை கிட்டப்பார்வையின் வாசலில் நிற்கிறது என்று பொருள். கரும்பலகை அதற்கு இன்னும் தெளிவாகத்தான் தெரியும். அதனால் யாரும் சோதிப்பதில்லை.

தொடங்கும் வயதுதான் அடுத்து வரும் கதையைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு அரை டயாப்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். எட்டு வயதில் மைனஸ் 1-இல் தொடங்கும் குழந்தை பதினைந்தில் மைனஸ் 4.5-ஐத் தொடும். பன்னிரண்டு வயதில் அதே மைனஸ் 1-இல் தொடங்குபவர் பதினைந்தில் மைனஸ் 2.5-இல் இருப்பார். சிறுவயதில் ஏறும் வேகமும் அதிகம் என்பதால் நடைமுறையில் இந்த இடைவெளி இன்னும் விரியும். அமெரிக்காவின் காமெட் ஆய்வில் ஏற்றம் நின்ற சராசரி வயது பதினைந்தரை. நாலில் மூன்று பேருக்குப் பதினெட்டுக்குள் நின்றுவிட்டது. சிலருக்கு இருபதைத் தாண்டியும் தொடர்ந்தது.

பின்சுவரில் நடப்பது

நீளும் கண்ணில் புதிதாகத் திசு அதிகம் சேர்வதில்லை, இருப்பதே இழுபடுகிறது. வெளிச்சுவரான வெள்விழி உறை, குறிப்பாகப் பின்பக்கம், மெலிகிறது. விழித்திரைக்கு ஊட்டம் தரும் இரத்தநாளப் படலமும் மெலிகிறது. பார்வை நரம்பு நுழையும் இடத்தில் திசு விலகி, மருத்துவர் உள்ளே பார்க்கும்போது வெளிறிய பிறைபோல ஒரு பகுதி தெரியும். பல பிள்ளைகளுக்கு இது வந்துவிடுகிறது. அந்த வயதில் பார்வையை அது கெடுப்பதில்லை.

விளைவுகள் நடுவயதில் வருகின்றன. மைனஸ் 6-ஐத் தாண்டினாலோ நீளம் 26 மி.மீ. ஆனாலோ அதை உயர் கிட்டப்பார்வை என்கிறார்கள். அத்தகைய கண்ணில் விழித்திரையின் ஓரம் நைந்து துளை விழலாம், விழித்திரை பிய்ந்து விலகலாம், பின்சுவர் ஓரிடத்தில் பிதுங்கி மையப்பார்வை அழியலாம். குளுக்கோமாவும் கண்புரையும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நெதர்லாந்து ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, நீளம் 26 மி.மீ.-ஐ எட்டிய கண்ணுடையவரில் நாலில் ஒருவருக்கு 75 வயதுக்குள் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத பார்வைக் குறை வந்துவிடுகிறது. கண்ணாடி போட்டால் 6/6 தெரிகிறது என்பது பிம்பம் சரியாகிவிட்டது என்பதற்குத்தான் சான்று. சுவரின் மெலிவைக் கண்ணாடியோ பின்னாளில் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சையோ திருப்புவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புல்லிமோர், பிரென்னன் இருவரும் 2019-இல் வெளியிட்ட கணக்கு, ஒரே ஒரு டயாப்டர் ஏற்றத்தைத் தடுத்தாலும் மையப்பார்வையை அழிக்கும் விழித்திரைச் சிதைவின் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்கிறது. மைனஸ் 5-இல் நிற்கவேண்டியவரை 4-இல் நிறுத்துவதால் கண்ணாடியின் தடிமன் பெரிதாக மாறாது. பாட்டியான பிறகு பேரன் முகம் தெரியுமா என்பதில் அது மாற்றம் செய்யும்.

நீளச் சொல்வது யார்?

கண் எப்போது நீளவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்பதைப் பிம்பமே சொல்கிறது என்ற அறிவு 1970களில் பிறந்தது. 1977-இல் டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும், இமை தைக்கப்பட்ட குரங்குக் குட்டியின் கண் நீண்டு கிட்டப்பார்வை அடைவதைக் காட்டினார்கள். மறு ஆண்டு ஜோஷ் வால்மன் குழுவினர் கோழிக்குஞ்சுகளில் அதையே கண்டார்கள். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழும்படி வில்லை மாட்டினால் கண் அதைத் துரத்திக்கொண்டு நீள்கிறது. முன்னால் விழச்செய்தால் வளர்ச்சியைத் தணித்துக்கொள்கிறது. பாதி விழித்திரையை மட்டும் மறைத்தால் அந்தப் பாதிக்குப் பின்னுள்ள சுவர் மட்டும் நீள்கிறது. மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டாலும் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் வேலைசெய்கிறது. விழித்திரை தானே அளந்து, தன் சுவருக்குத் தானே ஆணையிடுகிறது. இன்று கடைக்கு வந்திருக்கும் சிறப்புக் கண்ணாடிகள் இந்தக் கோழிக்குஞ்சுகளின் வழிவந்தவைதான்.

மரபா, வாழ்முறையா?

'அப்பாவுக்கு இருக்கு, பிள்ளைக்கும் வந்திருச்சு' என்பதில் உண்மை இருக்கிறது. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. ஆனால் மரபணு ஒரு தலைமுறைக்குள் மாறாது, எண்ணிக்கையோ மாறிவிட்டது. டெல்லிப் பள்ளிவயதுக் குழந்தைகளிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் 7.4 சதவீதம், 2015-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வில் 13.1 சதவீதம். அன்றைய ஆந்திராவின் மகபூப்நகர்க் கிராமங்களில் 2002-இல் 4.1 சதவீதம்தான். தமிழ்நாட்டில் சங்கர நேத்ராலயா 14,000-க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 17.5 சதவீதம். இவற்றின் அளவீட்டு முறைகள் ஒன்றல்ல. கண்ணை விரிக்கும் சொட்டு மருந்து விடாமல் அளந்தால் குழந்தையின் கண் இறுக்கம் பொய்யான மைனஸைக் காட்டும். ஆகவே எண்ணுக்கு எண் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் நிலைமை எந்தத் திசையில் போகிறது என்பதில் ஐயமில்லை.

தமிழருக்கு நெருக்கமான சான்று சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே 1990களின் பிற்பாதியில் ராணுவப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களைச் சோதித்தபோது சீனரில் 82.2, இந்தியரில் 68.7, மலாய்க்காரரில் 65 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சிங்கப்பூர் இந்தியரில் பெரும்பான்மையினர் தமிழர். இங்கிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் அடுக்குமாடி வீட்டிலும் போட்டித் தேர்விலும் வளர்ந்தபோது மூவரில் இருவருக்குக் கண் நீண்டுவிட்டது. இதன் மறுபாதியை 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. சீன வம்சாவளிக் குழந்தைகளுக்கு ஆறேழு வயதில் சிங்கப்பூரில் 29.1 சதவீதமும் சிட்னியில் 3.3 சதவீதமும் கிட்டப்பார்வை. சிட்னிக் குழந்தைகள் படித்த புத்தகங்கள் குறைவல்ல. வாரத்துக்கு அவர்கள் வீட்டுக்கு வெளியே கழித்தது சுமார் 13.75 மணி நேரம், சிங்கப்பூர்க் குழந்தைகள் கழித்தது 3 மணி நேரம்.

படிப்பின் பங்கு

இந்த ஊர்களை உள்ளடக்கிய விருதுநகர், காமராஜர் பிறந்த மண். பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடத்தைப் பல ஆண்டுகள் தக்கவைத்திருந்த மாவட்டம். ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கவும் வெடிக்குத் திரி வைக்கவும் போன பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர இங்கே நீண்ட போராட்டம் நடந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்து, விதியை மீறும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று பொறியியல் கல்லூரிக்கும் மருத்துவப் படிப்புக்கும் ஆயத்தமாகிறார்கள். பட்டாசோடு நோட்டுப் புத்தகமும் காலண்டரும் அச்சடித்து நாட்டுக்கு அனுப்பும் வட்டாரத்துக்கு, தன் பிள்ளைகள் அந்த நோட்டில் எழுதுவது பெருமைதான்.

ஆனால் கல்வியின் ஆண்டுகள் கண்ணில் பதிகின்றன என்பதையும் சொல்லியாகவேண்டும். பிரிட்டனின் பயோபேங்க் தரவுகளைக்கொண்டு 2018-இல் வெளியான மரபுவழி ஆய்வு, படிப்பு ஓராண்டு கூடும்போது பவர் சராசரியாக 0.27 டயாப்டர் மைனஸ் பக்கம் நகர்கிறது என்று கணித்தது. கிட்டப்பார்வைக்காரர்கள் அதிகம் படிக்கிறார்கள் என்ற தலைகீழ் விளக்கத்துக்கு அதில் சான்று இல்லை. 1867-இலேயே ப்ரெஸ்லாவ் நகரின் ஹெர்மன் கோன் பத்தாயிரம் மாணவரைச் சோதித்து, வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறுவதைப் பதிவுசெய்திருந்தார். செல்போன் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. போன் செய்தது என்னவென்றால், கண்ணுக்கு மிக நெருக்கமான இன்னொரு பக்கத்தைச் சேர்த்ததும், பிள்ளையை வெளியே போகவிடாமல் பிடித்துவைத்ததும்தான்.

இவ்விரண்டும் ஒன்றாக நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டிவிட்டது. சீனாவின் ஃபெய்செங் நகரில் முடக்கத்துக்குப் பின் 2020-இல் சோதித்த ஆறு வயதுக் குழந்தைகளில் 21.5 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை. முந்தைய ஐந்தாண்டுகளில் அது 5.7-ஐத் தாண்டியதில்லை. முடக்கம் அங்கே சில மாதங்கள்தான். தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-இல்.

எனவே தீர்வு படிப்பைக் குறைப்பதல்ல. இந்த மாவட்டத்தில் யாரும் அதைச் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. படிப்போடு சேர்த்து எதை எடுத்துவிட்டோம் என்பதே கேட்கவேண்டியது.

வெயில்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்கும் பின்னாளில் பட்டாசு வளர்ந்ததற்கும் இந்த வறண்ட காற்றும் வெயிலும் முக்கியக் காரணம். மழை பொய்த்த மானாவாரி நிலம் ஒரு தொழிலைக் காயவைத்து எடுத்தது. குழந்தைகளின் கண்ணுக்கும் அதே வெளிச்சம் தேவைப்படுகிறது.

வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ். வெளியே மரநிழலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். திறந்த வெயிலில் லட்சத்தைத் தொடும். அந்த வெளிச்சத்தில் விழித்திரை டோபமின் என்ற வேதிப்பொருளை அதிகம் சுரக்கிறது. அது கண் நீள்வதற்குக் கடிவாளம் போடுகிறது. கோழிக்குஞ்சுகளில் அந்த டோபமினைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது வெளிச்சம் தந்த பாதுகாப்பும் போய்விட்டது. தூரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் கொஞ்சம் உதவக்கூடும். முதன்மையானது வெளிச்சம் என்றே பெரும்பாலான ஆய்வாளர் கருதுகிறார்கள்.

குவாங்சோவின் 12 பள்ளிகளில் நடந்த சோதனை 2015-இல் வெளியானது. ஆறு பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிட வெளிப்புற வகுப்பு சேர்த்தார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்கும் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை வந்தது. தைவான் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியே என்பதை நாடுதழுவிய திட்டமாக்கியது. அங்கே நடந்த ஆய்வில், உச்சி வெயில் தேவையில்லை, நிழலில் கிடைக்கும் 1,000 லக்ஸே நீண்ட நேரம் பட்டால் பலன் தருகிறது என்று தெரிந்தது. சித்திரைக் கத்திரியில் பிள்ளையை மைதானத்தில் நிறுத்தச் சொல்கிறார்களே என்று பதறவேண்டாம். வேம்பு நிழலும், காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நாலு மணிக்குப் பின்னும் உள்ள வெளிச்சமும் போதும். சூரியனை நேராகப் பார்ப்பது மட்டும் எந்த நேரத்திலும் கூடாது.

ஒரு வரம்பும் உண்டு. வெளி நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுவதில் வலுவானது. தொடங்கிய பின் ஏற்றத்தைக் குறைப்பதில் அதன் பலன் சிறியது. அதனால் கண்ணாடி வந்தபின் விளையாட அனுப்புவது தாமதம். பால்வாடியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையான ஆண்டுகளே இதற்கான காலம்.

கண்ணாடி, சொட்டு மருந்து

தொடங்கிவிட்ட குழந்தைக்கு முதல் சிகிச்சை முழுப் பவர் கண்ணாடி. 'போட்டால் பவர் ஏறும், அதனால் குறைத்துப் போடுங்கள்' என்று கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். மலேசியாவில் 94 குழந்தைகளிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே குறைத்துப் போட்டவர்களுக்கு இரண்டாண்டில் 1 டயாப்டர் ஏறியது. முழுப் பவர் போட்டவர்களுக்கு 0.77. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் வரன் தட்டும் என்று ஒளித்துவைப்பதற்கு விலை, அந்தப் பிள்ளையின் படிப்பு.

ஏற்றத்தைத் தணிக்க இன்று இரு வழிகள் உறுதிப்பட்டுள்ளன. முதலாவது, நடுவில் முழுப் பவரும் சுற்றிலும் நுண்வில்லைகளும் கொண்ட கண்ணாடி. அது பிம்பத்தின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் விழச்செய்து கண்ணை நிறுத்தச் சொல்கிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஈராண்டுச் சோதனையில் இது பவர் ஏற்றத்தைப் பாதியாக்கியது. இரவில் அணியும் லென்ஸும் சிறப்பு கான்டாக்ட் லென்ஸும் இதே தத்துவம்தான். சுத்தம் தவறினால் கருவிழியில் கிருமி தொற்றும் என்பதால் தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள வீடுகளில் யோசித்தே தொடங்கவேண்டும்.

இரண்டாவது, மிகக் குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு. சிங்கப்பூரின் 'ஆட்டம்' (ATOM) ஆய்வுகள் வழிகாட்டின. ஹாங்காங்கின் லாம்ப் ஆய்வில் 0.01, 0.025, 0.05 சதவீதங்களில் 0.05-க்கே பலன் அதிகம். இந்தியாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனையில் 0.01 சதவீதச் சொட்டு ஓராண்டில் ஏற்றத்தை 0.35-இலிருந்து 0.16 டயாப்டராகக் குறைத்தது. திடீரென நிறுத்தினால், குறிப்பாகச் செறிவு கூடிய சொட்டில், ஏற்றம் திரும்ப வேகமெடுக்கும். ஆகவே இது மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விடும் சொட்டு அல்ல. இரண்டு வழியுமே ஏற்றத்தைக் குறைப்பவை. நீண்ட கண்ணைச் சுருக்கும் மருந்து எதுவும் இல்லை. கண் பயிற்சி, கேரட், நாட்டுச் சொட்டு என்று விற்கப்படுபவை இந்தச் சோதனைகளில் தேறியவை அல்ல.

பள்ளி செய்யக்கூடியது

பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டம் தமிழ்நாட்டில் 2009 முதல் உண்டு. மதுரையில் 1976-இல் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென்மாவட்டங்களில் முகாம்களை வழக்கமாக்கியது. மங்கிய பார்வையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. ஏறும் பவரைத் தொடரும் ஏற்பாடுதான் அடுத்த தேவை.

அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பவரையும் ஆண்டுதோறும் எழுதிவைக்கும் ஓர் அட்டை இருந்தால், ஆண்டுக்கு அரை டயாப்டருக்கு மேல் ஏறுபவர் யார் என்று ஆசிரியருக்கே தெரியும். அந்தப் பிள்ளையையும், பத்து வயதுக்குள் கண்ணாடி போட்டவரையும், பெற்றோர் இருவரும் கண்ணாடி அணிந்தவரையும் மதுரைக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ அனுப்பலாம். கண்ணின் நீளத்தை ஒளியால் அளக்கும் கருவி பெரிய கண் மருத்துவமனைகளில் உண்டு. கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ கறுப்புத் திரை விழுந்தாலோ அன்றைக்கே போகவேண்டும். பட்டாசு ஊரில் இன்னும் ஒன்று: உயர் கிட்டப்பார்வை உள்ள கண்ணில் அடிபட்டால் விழித்திரை விலகும் வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி தருவது வீண்செலவு அல்ல.

வெளிச்சத்துக்கு நேர அட்டவணை போதும். காலை வழிபாடு திறந்தவெளியில், இடைவேளையில் வகுப்பறையைப் பூட்டிவைத்தல், சத்துணவு மரத்தடியில், கணக்கு ஆசிரியர் கடன்வாங்காத விளையாட்டு வகுப்பு என்று கூட்டினால் பள்ளியிலேயே ஒன்றரை மணி நேரம் வரும். மிச்சம் அரை மணி வீட்டின் பொறுப்பு. டியூஷன் ஆறு மணிக்குத் தொடங்கினால் அதுவும் கிடைத்துவிடும். சிங்கப்பூரும் தைவானும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண்ணாடி மாட்டிய பிறகு இந்தக் கணக்குக்கு வந்தன. விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விகிதத்தை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கப் பழகிய மாவட்டம். ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது கண்ணாடி இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் அதே பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால், அடுத்த தலைமுறை படிப்பையும் பார்வையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும்.